வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் ஒரு விடுவிப்புக் கடிதம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எல்லோரும் விளையாட்டு மேலாண்மை படித்தவர்கள். ஒரு வீரர் இடது பக்கம் திரும்பினால் என்ன நடக்கும், வலது பக்கம் திரும்பினால் என்ன நடக்கும் என்று மடிக்கணினியில் வண்ண வண்ணமாகக் காட்டக்கூடியவர்கள். நானோ ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடி, மதிய இடைவேளைகளில் பதினொரு வருடம் ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்கு ஆள் சேர்த்தவன். ஆகவே என்னிடம் கற்றுக்கொள்ள உங்களுக்கு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதுதான்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனில் எழுதினால் எங்கள் பழைய நிர்வாகக் குழு வாசித்துவிடும். அவர்கள் நல்ல மனிதர்கள், வாசித்தால் கோபப்பட மாட்டார்கள், திருத்தங்கள் அனுப்புவார்கள். அவர்கள் ஜெர்மனில் பேசியதையும் வீரர்கள் ஆங்கிலத்தில் பேசியதையும் என் வீட்டுத் தமிழிலேயே தருகிறேன். எங்கள் தலைவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

நான் இந்தப் பதவிக்கு வந்த வரலாறு சுருக்கமானது. கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வீரர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பை யார் எடுப்பீர்கள் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் அப்போது கோப்பி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் செயலாளர் பதவியும் அதே மாதிரி என் தலையில் கட்டப்பட்டது. இந்த நாட்டில் கழகக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் கோப்பியை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போவது நல்லது.

எங்கள் லீக் பெரிய லீக் அல்ல. தொலைக்காட்சியில் வராது. ஆனால் வீரர்களை ஒரு பருவத்துக்குத்தான் ஒப்பந்தம் செய்வோம் என்பதால், ஒவ்வொரு கோடையிலும் அணியில் பாதிப்பேர் காற்றோடு போய்விடுவார்கள். ஒப்பந்தம் முடிந்து எந்தக் கழகத்துக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் இவர்களைத்தான் ஃப்ரீ ஏஜென்ட் என்கிறோம். பெயரைக் கேட்டால் ஏதோ சுதந்திரப் பறவைகள் போல இருக்கும். உண்மையில் ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்திருக்கும் மனிதர்கள்.

அவர்களுக்கும் எனக்கும் நடுவில் கார்த்திக் இருந்தார். கார்ல்ஸ்ரூஹேயில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே வீரர்களுக்கு ஏஜென்ட்டாகவும் இருந்த மதுரைக்காரர். அவர் எனக்கு முதலில் அனுப்பிய வீடியோவில் ஒரு வீரர் பத்து நிமிடம் ஓயாமல் கூடையில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்று கூடத் தவறவில்லை.

"ஆள் பயங்கர அத்லெட்டிக் அண்ணா. டிஃபென்ஸ் மட்டும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும்" என்றார் கார்த்திக்.

டிஃபென்ஸ் மட்டும் கொஞ்சம் என்றால், தடுக்க வேண்டிய கூடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது என்று பொருள். இதை நான் அந்தப் பருவத்தின் நடுவில் கற்றுக்கொண்டேன். உயரத்தையும் அப்படித்தான். தாளில் எழுதியிருக்கும் உயரம் என்பது சப்பாத்தின் உயரமும் ஏஜென்ட்டின் நம்பிக்கையும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஒரு முறை டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கூடைக்கடியில் நிற்க வேண்டிய எங்கள் புதிய நெட்டை வீரரைக் கவனிக்காமல் கடந்துபோய், அவருக்குப் பின்னால் வந்த உயரமான ஒரு பாதிரியாருக்குப் பூங்கொத்தைக் கொடுத்து வரவேற்றேன். பாதிரியார் மிகவும் சந்தோஷப்பட்டார். அன்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

அதே வீரரை அவருக்கு எடுத்து வைத்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இந்த ஊரில் வாடகை வீட்டை விட்டுப் போகிறவர்கள் சமையலறையையும் கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். டெக்சாசிலிருந்து வந்த மனிதருக்குத் தெரியாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சமையலறை வந்து சேர மூன்று வாரமானது. அதுவரை என் மனைவி ஜெசி சோறும் கறியும் கட்டி அனுப்பினாள். அவர் எடை கூடி, முதல் நான்கு ஆட்டங்களில் மூச்சு வாங்கினார். கழகத்தில் எல்லோரும் ஏஜென்ட்டைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறுகள். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

டேரன் எங்களிடம் வந்தது ஒரு ஆகஸ்ட் மாதக் கடைசியில். சந்தை முடிந்து கடைக்காரர்கள் பெட்டிகளை அடுக்கும் நேரம் அது. பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஒருவர் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"ஒருத்தர் இருக்கார் அண்ணா" என்றார் கார்த்திக். "ஆனா ஹைலைட்ஸ் வீடியோ இல்ல. ஒரு ஃபுல் மேட்ச்தான் அனுப்பியிருக்கார். அதுவும் தோத்த மேட்ச்."

"தோத்த ஆட்டத்தை ஏன் அனுப்பினவர்?"

"நானும் கேட்டேன். ஜெயிக்கும்போது எல்லாருமே நல்லாத்தான் தெரிவாங்கன்னு சொல்றார்."

அந்த ஆட்டத்தை நான்கு நாள் மதிய இடைவேளைகளில் துண்டு துண்டாகப் பார்த்தேன். டேரன் பந்தைக் கூடையில் போட்டது குறைவு. ஆனால் ஆட்டம் முழுவதும் வாய் ஓயவில்லை. இவனை அங்கே போ என்பார், அவனைத் திரும்பிப் பார் என்பார். அவர் கை காட்டிய இடத்துக்கு இரண்டு நொடி கழித்துப் பந்து வந்து சேரும். ஐந்தாம் நாள் அவரை ஒப்பந்தம் செய்தோம். அமெரிக்காவிலிருந்து மனைவி அலிசியாவுடன் வந்தார். இம்முறை சமையலறை இருக்கும் வீடாகப் பார்த்து எடுத்திருந்தேன், நானும் முன்னேறிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனவரி வந்தபோது நாங்கள் பட்டியலில் கடைசிக்கு ஒன்று முந்திய இடத்தில் இருந்தோம். கடைசி இரண்டு அணிகளும் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். எங்களுக்கு ஒரு படி மேலே நின்றது பக்கத்து ஊர் அணி. ஒரு கழகம் இறங்கப்போகிறது என்றால் எல்லோருக்கும் திடீரென்று கூடைப்பந்து விளங்கத் தொடங்கிவிடும். குளியலறை ஓடு விற்கும் எங்கள் தலைவருக்கும் விளங்கியது.

ஒரு புதன்கிழமை மாலை கழகத்தின் சிற்றுண்டிச்சாலையில் நிர்வாகக் குழு கூடியது. தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் அம்மா, நான். பயிற்சியாளர் காய்ச்சல் என்று வரவில்லை. இப்படியான நாட்களில்தான் பயிற்சியாளர்களுக்குக் காய்ச்சல் வரும். கார்த்திக் நன்றாகப் புள்ளி எடுக்கும் ஓர் அமெரிக்கரைப் பிடித்து வைத்திருந்தார். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு எங்கள் லீக்கில் இடம் கொஞ்சம்தான், ஒருவர் வர ஒருவர் போக வேண்டும். தலைவர் விரலை நாவில் தொட்டு, புள்ளிப் பட்டியலைத் திருப்பி, டேரனின் பெயருக்கு நேரே வைத்தார்.

அவர் எடுக்கும் புள்ளிகளை எண்ண வேண்டாம், அவரால் மற்றவர்கள் எடுக்கும் புள்ளிகளை எண்ணுங்கள் என்று நான் தொடங்கினேன். இரண்டு வசனம் கூட முடியவில்லை.

"அன்ரன், நீங்கள்தானே இவரைக் கொண்டு வந்தது" என்றார் தலைவர், மிகவும் அன்பாக. "உங்களுக்குப் பாசம் இருக்கும். எங்களுக்கு விளங்குது."

தம்பிமாரே, யாராவது இப்படி அன்பாகப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுங்கள். நான் போகவில்லை. எனக்குப் பாசம் எதுவும் இல்லை, நான் தொழில் தெரிந்தவன் என்று காட்ட வேண்டியிருந்தது. வாக்கெடுப்பு என்றதும் முதலில் உயர்ந்த கை என்னுடையதுதான். பொருளாளர் அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசியாகத் தன் கையை உயர்த்தினார். புதிய ஆளைப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை நேரம் இருந்தது. டேரனிடம் வியாழன் பயிற்சிக்குப் பிறகு நான் சொல்வது என்று முடிவானது.

இப்போது என் செயலாளர் வேலைக்கு வருவோம். கூட்டக் குறிப்பு எழுதுவதில் எனக்கு இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. எனக்கு முன்பு இருந்த ஜெர்மன்காரர் குறிப்பை அனுப்ப ஆறு வாரம் எடுப்பார், அதிலும் பிழை இருக்கும். நான் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அனுப்புவேன், ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்காது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் ஒரு படிவம் நிரப்பவே இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றவன் நான். ஆகவே, ஜெர்மன்காரர்களை விட ஜெர்மன்காரனாக இருந்து காட்டுவதில் எனக்கு ஒரு சுகம். வியாழக்கிழமை காலை இடைவேளையில், வேலைத்தலத்துக் கன்டீனில் இருந்தபடி, நான்காம் விடயமாக "வீரர் டேரனுக்குப் பதிலாகப் புதிய வீரர், ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி, வழக்கம் போல எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஜெசி கூப்பிட்டாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். எங்களுடையது குடும்ப உறுப்புரிமை. அதனால் அவளுக்கும் குறிப்பு போகும்.

"இஞ்சேருங்கோ, டேரனுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லை. பின்னேரம் பயிற்சி முடியச் சொல்லுவம் எண்டு இருக்கிறன்."

"ஏனப்பா, அவனும் மெம்பர்தானே?"

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். எங்கள் கழகத்தில் உறுப்பினராகச் சேராத எவரும் விளையாட முடியாது. ஆகஸ்ட் மாதத்தில் டேரனின் உறுப்பினர் படிவத்தை நிரப்பியதும் நான், அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் பட்டியலில் சேர்த்ததும் நான். பிழையில்லாமல் சேர்த்திருந்தேன்.

"என்ன சத்தத்தைக் காணேல்லை?" என்றாள் ஜெசி.

"எனக்கு இப்ப கதைக்க ஏலாது" என்றேன்.

அன்று பின்னேரம் மண்டபத்துக்கு எல்லோருக்கும் முந்திப் போனேன். டேரன் எனக்கும் முந்தி வந்து, மர வாங்கில் உட்கார்ந்து கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொலைபேசி கிடந்தது. என் அழகான ஜெர்மனை அது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தது. பிழையில்லாத வசனங்கள் பிழையில்லாமல் மொழிபெயர்க்கப்படும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன்.

"மிஸ்டர் அன்ரன், ஏகமனதாக எண்டு இருக்குது" என்றார். "அப்ப நீங்களும்?"

"ஓம்."

அவர் பட்டியை ஒரு சுற்று இறுக்கினார். "அலிசியாவுக்கு ஏழாம் மாசம். ஒப்பந்தம் முடிஞ்சால் எங்கட மருத்துவக் காப்புறுதி எத்தினை நாளைக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவருடைய உயரம், எடை, இடது கையால் பந்தைப் போடும் விதம் எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து பயிற்சிக்குப் போனார். அன்று இரண்டு மணி நேரம், வழக்கம் போல ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடத்தில் நிறுத்தி வேலை வாங்கினார். குறிப்பை வாசித்திருந்த மற்ற வீரர்கள் அவருடைய முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னதைச் செய்தார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், ஒப்பந்தம் போனால் காப்புறுதி, விசா, கழகம் எடுத்துக் கொடுத்த வீடு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் என்று தெரிந்தது. அலிசியாவுக்கு இரத்த அழுத்தம் வேறு. விமானத்தில் ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு டீம் இருக்கு. டேரன் ஆடற இடத்துல ஆடற அவங்க ஆளுக்கு இந்த வாரம் முழங்கால் போயிடுச்சு. டேரன் ரெடின்னா இப்பவே சைன் பண்றாங்க. ஆனா அவரை விடுவிச்சாச்சுன்னு உங்க ரிலீஸ் லெட்டர் வேணும். போர்டுல ரெண்டு பேர் கையெழுத்து. நாளைக்கு ஆறு மணிக்குள்ள லீக் போர்ட்டல்ல ஏறணும்."

"எந்த அணி?"

அவர் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னார். எங்களுக்கு ஒரு படி மேலே நின்றவர்கள். பருவத்தின் கடைசி ஆட்டமும் அவர்களோடுதான், எங்கள் மண்டபத்தில்.

"வேறை ஒருத்தரும் இல்லையோ?"

"ஜனவரில யாருண்ணா இருக்கா? எல்லாருக்கும் ஃபோன் போட்டுட்டேன்."

"நீங்கள் ஒரு கையாலை ஒருத்தரைத் தாறீங்கள், மற்றக் கையாலை ஒருத்தரை எடுத்து அவைக்குக் குடுக்கிறீங்கள்."

"புது ஆள் விஷயம் பிசினஸ் அண்ணா, ஒத்துக்கறேன்" என்றார். "இது பிசினஸ் இல்ல. அவங்க எங்க போவாங்க?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவரிடம் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை அன்ரன்" என்றார். "ஆனால் இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்குப் பிறகு ஆர் கந்தோரிலை இருக்கினம்? திங்கக்கிழமை வடிவா எழுதிக் குடுப்பம்."

"காலக்கெடு இண்டைக்கு ஆறு மணி."

"அது அவையின்ரை காலக்கெடு. எங்கட ஆளைப் பதிஞ்சாச்சு, எங்களுக்கு ஒண்டும் இல்லை."

இதைக் கொஞ்சம் ஊன்றிக் கவனியுங்கள். யாரும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. யாரும் எதையும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். நான் ஏதோ அப்போதே கொதித்தெழுந்தேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணிக்கு வேலை முடியும்வரை தலைவர் சொல்வது சரியென்றே எனக்கும் பட்டது. பதினொரு வருடம் கட்டிக் காத்த கழகம். எதிரணிக்கு நானே ஆளைக் கொடுத்து, அவர்களால் இறங்கிப் போனால் ஊரே என் முகத்தில் விழிக்காது. டேரன் தொழில்முறை வீரர், இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதானே வந்தார். இந்த நியாயங்களை இயந்திரத்தின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். நன்றாகத்தான் அடுக்கி நின்றன.

உடை மாற்றும் அறையில் பக்கத்து அலுமாரிக்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி அன்ரன், திங்கக்கிழமை பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்வதுதான். அன்று அதைக் கேட்டதும், மாற்றிய சப்பாத்து ஒன்றும் மாற்றாத சப்பாத்து ஒன்றுமாக உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் ஜெசிக்கும் ஒரு காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீட்டிக்க வேண்டிய, இந்த நாட்டில் தங்க விடும் ஒரு தாள் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை நீட்டிக்கப் போனபோது, கையெழுத்துப் போட வேண்டியவர் போய்விட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். தாள் அன்றோடு முடிந்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் வெளியே போகவில்லை. வீட்டு மணி அடித்தபோது பொலிசோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் நின்றோம். கடிதம் போட வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அன்று எங்களைத் திருப்பி அனுப்பிய பெண்மணியும் நல்ல மனுஷிதான், புன்னகையோடுதான் அனுப்பினார். இப்போது அவருடைய கதிரையில் நான் இருந்துகொண்டு அதே வார்த்தையைச் சொல்லப் போகிறேன். எனக்கு என்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கடிதத்தை அச்செடுத்தேன். ஜெசி வாசித்துவிட்டுப் பேனையை எடுத்துத் தந்தாள். என் கையெழுத்து ஆயிற்று. இன்னொன்று வேண்டும். துணைத்தலைவர் பனிச்சறுக்குக்குப் போய்விட்டார். தலைவரிடம் கேட்டுப் பயனில்லை. பொருளாளர் அம்மாவின் வீட்டில் அவருடைய கணவர், அவர் முடி வெட்டும் கடைக்குப் போயிருக்கிறார் என்றார். இதற்காக மூன்று வாரத்துக்கு முன்பே நேரம் எடுத்து வைத்ததாகவும், அங்கே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் போய்த் தொந்தரவு செய்தேன். நாலரை மணி. அம்மா கழுத்துவரை கறுப்புத் துணி போர்த்தி, தலை முழுக்க அலுமினியத் தாள் மடிப்புகளோடு இருந்தார். இந்தப் பெண்மணியிடம் நான் பதினொரு வருடத்தில் கற்றுக்கொண்டது வேறு எவரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் பேசுவது குறைவு. என்னைக் கண்ணாடியிலே பார்த்தார்.

"தலைவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். திங்கக்கிழமை செய்வம் எண்டவர்."

"திங்கக்கிழமை குடுத்தால் பிரயோசனம் இருக்கோ?"

"இல்லை."

"இவரை அவைக்கு விட்டால் நாங்கள் கீழை இறங்குவமோ?"

"இறங்கக்கூடும்."

"புதன்கிழமை உங்களைப் பாத்துத்தான் நானும் கை உயத்தினான்" என்றார். "ஆளைத் தெரிஞ்சவர் நீங்கள்தானே எண்டு."

கடிதத்தை நீட்டினேன். துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. முடி வெட்டும் பெண் தன் பேனையைக் கொடுத்தார். மடியில் கிடந்த சஞ்சிகையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தின் ஓரத்தில் முடிச்சாயம் கொஞ்சம் பட்டது.

லீக்கின் இணையத்தளம் தொலைபேசியில் எடுத்த படத்தை ஏற்காது. ஹம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நம்மவர் ஒருவரின் பலசரக்குக் கடை இருக்கிறது. அங்கே மரவள்ளிக் கிழங்கும் வாங்கலாம், விண்ணப்பங்களை ஸ்கான் செய்தும் அனுப்பலாம். கடைக்காரர் சாயம் பட்ட கடிதத்தை இயந்திரத்தில் வைத்தார்.

"ஆரின்ரை விசா அலுவல் அண்ணை?"

"ஓம், ஒரு மாதிரி அப்பிடித்தான்."

"எத்தினை மணிக்குள்ளை?"

"ஆறு."

அவர் கடையில் நின்ற இரண்டு பேரையும் பொறுக்கச் சொல்லிவிட்டு, தன் கணினியை என் பக்கம் திருப்பினார். ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கையில் கடிதம் ஏறியது. ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில், மற்றக் கழகத்தின் பதிவு உறுதியாயிற்று என்று கார்த்திக் குறுஞ்செய்தி அனுப்பினார். டேரனைக் கூப்பிட்டேன். நன்றி என்றார். பிறகு, அலிசியாவுக்குச் சொல்ல வேணும் என்று வைத்துவிட்டார். அடுத்ததாகத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் இதை யாரோ அனுப்பிய மின்னஞ்சலில் வாசிக்கக்கூடாது அல்லவா. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு நல்ல வார இறுதி என்று வாழ்த்தினார். கோபத்திலும் மரியாதை தவறாத நாடு இது.

பிறகு நடந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். புதிய அமெரிக்கர் புள்ளிகளை மழையாகப் பொழிந்தார். புள்ளிப் பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே விரலை வைத்துத் தலைவர் மகிழ்ந்தார். எங்கள் அணி சிலவற்றை வென்றது, சிலவற்றைத் தோற்றது. கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நாங்களும் பக்கத்து ஊரும் சமமாக நின்றோம். தோற்கிறவர் கீழே.

மண்டபம் நிறைந்திருந்தது. எதிரணி ரசிகர்களின் மூலையில் அலிசியா இருந்தார். நெஞ்சோடு கட்டிய துணிக்குள் குழந்தை, சின்னத் தலையில் சத்தத்துக்காகப் பெரிய காது மூடி. ஜெசி இடைவேளையில் அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் அவளை முறைத்தார்கள். அவள் அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி நொடிகளில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்களுடையது, கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிய வேண்டும். பயிற்சியாளர் நேரம் கேட்டு ஓர் ஆட்டமுறையை வரைந்தார். நல்ல ஆட்டமுறைதான். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை எங்கள் வீரர்களுக்கு அதை வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் டேரன். எங்கள் ஆள் பந்தை எறியக் கையைத் தூக்கியதுமே அவர் ஓடத் தொடங்கிவிட்டார். பந்து எங்கே வரும் என்று எங்களுக்கே தெரியுமுன் அவருடைய கையில் இருந்தது.

இறங்கினோம். மண்டபத்தில் எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்க வேண்டிய வயதில்லை. டேரன் எல்லோருடனும் கைகுலுக்கிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார்.

"அந்த ஆட்டமுறையை நீங்கள் மாத்தியிருக்க வேணும்" என்றார்.

"ஆளை மாத்தினால் போதும் எண்டு நினைச்சிட்டம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் என் சேவைக்கு நன்றி கூறி, ஒரு கூடை பழமும் தந்து, என்னை ஓய்வு பெறச் செய்தார்கள். கடிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொருளாளர் அம்மா அந்த வருடமே தானாக விலகிக்கொண்டார். எனக்குப் பிறகு வந்தவர் படித்தவர், உங்களைப் போல வண்ணப் படங்கள் வைத்திருக்கிறார். கழகம் இன்னும் கீழ் லீக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துக்காக வருந்துகிறீர்களா என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டீர்கள். அணி இறங்கியதற்கு இன்றும் வருந்துகிறேன். அந்தப் பிள்ளைகள் அழுததற்கு வருந்துகிறேன். வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்துக்கு இல்லை. நான் வருந்துவது புதன்கிழமை உயர்த்திய கைக்கு. அதை யாரும் என்னை மிரட்டி உயர்த்தச் சொல்லவில்லை. டேரன் அந்த அறையில் இருந்திருந்தால் அது உயர்ந்திருக்காது.

நீங்கள் இனிப் பல பேரைச் சேர்ப்பீர்கள், பல பேரை அனுப்புவீர்கள். அதுதான் தொழில், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரை அனுப்ப வாக்கெடுப்பு வரும்போது, அந்த வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்து உங்கள் வாயால் சொல்ல முடியுமா என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் கையையும் உயர்த்தாதீர்கள்.